திருகைத் தொடும் முன்: சாலிட் பாடி கிட்டாரை நீங்களே செட்டப் செய்வது எப்படி

"அக்கா, முதல் மூணு ஃப்ரெட்லயும் ஜிர்ருன்னு அடிக்குது. மேல போனா கம்பியை அமுக்கவே முடியல. கிட்டார் போச்சா?"

போன வாரம் ஒரு தம்பி இப்படிக் கேட்டுக்கொண்டே தன் எலெக்ட்ரிக் கிட்டாரை என் மேசையில் வைத்தான். கையில் எடுத்து, தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கிட்டாரின் கழுத்தான நெக்கின் ஓரத்தைப் பார்த்தேன். நடுவில் லேசாக மேடு தட்டியிருந்தது. "சமீபத்துல கம்பி மாத்தினியா?" என்றேன். "ஆமாக்கா. 10 போட்டிருந்தேன், 9-க்கு மாறினேன். வளைக்க லேசா இருக்கும்னு சொன்னாங்க."

விஷயம் அதுதான். மெல்லிய கம்பி நெக்கை முன்னால் இழுக்கும் பலம் குறைவு. ஆனால் நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு பழைய பலத்திலேயே பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. நெக் பின்பக்கம் வளைந்து, அதன் மேல் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளில் முதல் சில கம்பியில் தட்டத் தொடங்கின. அவன் அதைச் சரிசெய்ய, உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள அத்தனை திருகையும் ஏற்றியிருக்கிறான். ஜிர் சத்தம் போகவில்லை, மேல் ஃப்ரெட்டுகளில் மட்டும் கம்பி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. தண்டை கால் சுற்று தளர்த்தி, பிரிட்ஜைப் பழைய உயரத்துக்கு இறக்கியதும் கிட்டார் பேசியது.

பதினாறு வருடமாக நான் செய்வது இந்த வேலைதான். என்னிடம் வரும் கிட்டார்களில் பலவற்றில் எந்தப் பாகமும் கெட்டிருக்காது. சரியான திருகைத் தவறான நேரத்தில் திருப்பியிருப்பார்கள். செட்டப் என்பது வரிசை: கம்பி, நெக், நட் (தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள எலும்புத் துண்டு), கம்பியின் உயரம், சுருதிச் சுத்தம், கடைசியாகப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் சுருளும்). ஒவ்வொன்றும் அடுத்ததை மாற்றிவிடும், அதனால் தலைகீழாகச் செய்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவீர்கள். இன்னொன்றும் என் அனுபவத்தில் உண்டு. ஒரு திருகு எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்று தெரிந்துவிட்டால், அதைத் தப்பாகத் திருப்ப கை வராது. அதனால் வழிமுறையோடு கொஞ்சம் கதையும் சொல்கிறேன்.

இவ்வளவு திருகு எதற்கு?

சாதாரண அகூஸ்டிக் கிட்டாரில் வெளியே திருப்புவதற்கு அதிகம் எதுவும் இருக்காது. அங்கே ஒலியை உண்டாக்குவது மேல்பலகை. மெல்லிய மரம், உள்ளே காற்று. அதில் திருகும் உலோகமும் சேர்த்தால் ஒலி செத்துப்போகும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காந்தத்தின் மேல் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, அந்த அசைவு காந்தத்தைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருளில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. ஆம்ப்ளிஃபயர் பெருக்குவது அதைத்தான். பெட்டி தேவையே இல்லை, உடல் வெறும் கட்டையாகவே இருக்கலாம். அதுதான் சாலிட் பாடி.

இதை விற்பனைக்கு வந்த கருவியாக முதலில் செய்து காட்டியவர்களில் ஜார்ஜ் போஷாம்ப் முக்கியமானவர். மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார் வாசித்தவர். இசைக்குழுவின் நடுவே தன் கிட்டார் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. 1931-ல் அவருக்காக ஹாரி வாட்சன் மரத்தில் ஒரு மாதிரியைச் செதுக்கினார்: சின்ன வட்ட உடல், நீண்ட நெக். அடுத்த வருடம் அதே வடிவம் அலுமினிய வார்ப்பில் விற்பனைக்கு வந்தது. பார்க்க வறுவல் சட்டி போலவே இருந்ததால் 'ஃப்ரையிங் பேன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு லாட காந்தங்களுக்கு நடுவே கம்பிகள் நுழைந்து போகும். அதற்கான காப்புரிமை 1937-ல்தான் கிடைத்தது.

நின்றுகொண்டு வாசிக்கும் கிட்டார்காரர்களுக்கு மட்டும் சிக்கல் தீரவில்லை. பெட்டி கிட்டாரில் பிக்கப் வைத்து ஆம்ப்ளிஃபயரை ஏற்றினால், ஸ்பீக்கரின் சத்தம் பெட்டியை அதிரவைக்கும், அது கம்பியை அசைக்கும், அது திரும்ப ஸ்பீக்கருக்குப் போகும். ஊளைச் சத்தம். 1940-ஐ ஒட்டிய காலத்தில் லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றின் மேல் கம்பியைக் கட்டினார். பார்க்க கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்று அறுத்த பெட்டி கிட்டாரின் இரு பக்கங்களை அதன் மேல் மாட்டினார். 1948-ல் பால் பிக்ஸ்பி, கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸுக்காக ஆறு சுருதிச் சாவியும் ஒரே பக்கத்தில் இருக்கும் ஒரு கிட்டாரைச் செய்து கொடுத்தார். பிறகு 1950-ல் லியோ ஃபெண்டர்.

லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் ரேடியோ பழுதுபார்ப்பவர். அவருடைய கிட்டாரில் நெக்கை உடலோடு ஒட்டவில்லை, நான்கு திருகு போட்டுப் பிடித்தார். நெக் கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். மின் பாகங்களை ஒரு தகட்டில் அடக்கினார், இரண்டு திருகைக் கழற்றினால் முழுவதும் வெளியே வரும். பழுதுபார்ப்பவன் கை எங்கே போகும் என்று யோசித்துச் செய்த கருவி அது. வீட்டிலேயே செட்டப் செய்ய முடிகிறது என்றால் அதற்கு முக்கியமான காரணம் அந்த ரேடியோக்காரரின் யோசனை. ஒவ்வொரு முறை அந்த நான்கு திருகைப் பார்க்கும்போதும் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

வேண்டியவை

ஒரு நல்ல ட்யூனர். அரை மில்லிமீட்டர் கோடு போட்ட எஃகு ஸ்கேல், ஆனால் பூஜ்யம் ஓரத்திலிருந்தே தொடங்க வேண்டும், விளிம்பில் இடம் விட்ட பள்ளிக்கூட ஸ்கேல் உதவாது. ஃபீலர் கேஜ், அதாவது விசிறி மாதிரி விரியும் தகடுகள், வண்டி வேலை செய்பவர்கள் வைத்திருப்பது. உங்கள் கிட்டாருக்குச் சரியாகப் பொருந்தும் ஆலன் கீ. ஒரு கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் ஒரு ஃப்ரெட்டில் அமுக்கிப் பிடிக்கும் கிளிப். திருப்புளி, பென்சில், பழைய பல் துலக்கும் பிரஷ், மெல்லிய துணி.

ஆலன் கீயை மட்டும் அவசரத்தில் எடுக்காதீர்கள். சில கிட்டார்கள் மில்லிமீட்டர் அளவில் இருக்கும், சில அங்குல அளவில். கிட்டத்தட்டப் பொருந்தும் சாவி உள்ளே ஆடும். இரண்டு முறை வழுக்கினால் டிரஸ் ராட் நட்டின் ஆறு மூலையும் தேய்ந்து வட்டமாகிவிடும். பிறகு எதுவுமே பிடிக்காது. தேய்ந்த டிரஸ் ராட் நட்டை எடுப்பதுதான் என் வேலையிலேயே மிகவும் மனக்கஷ்டமான வேலை.

முதலில் கம்பி

எந்தக் கம்பியை இனி வாசிக்கப் போகிறீர்களோ அதைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பழைய கம்பியில் செட்டப் செய்துவிட்டுப் புதுசு மாற்றினால் செய்ததெல்லாம் வீண். 9 என்றும் 10 என்றும் சொல்வது முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆறு கம்பிக்கும் சேர்த்து நெக்கின் மேல் விழும் இழுவையில் அது பல கிலோ வித்தியாசம்.

பழைய கம்பிகளைக் கழற்றியதும் ஃப்ரெட்போர்டைத் துடையுங்கள். ஃப்ரெட்டின் ஓரத்தில் அடையும் அழுக்கை பிரஷால் எடுக்கலாம். புதுக் கம்பியைச் சுருதிச் சாவியில் இரண்டு மூன்று சுற்று வருமளவு விட்டுக் கட்டுங்கள். சுற்றுகள் மேலிருந்து கீழாக அடுக்காக இறங்க வேண்டும், ஒன்றன் மேல் ஒன்று ஏறக்கூடாது. சுருதி சேர்த்ததும் ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கம் விரலால் மெதுவாக மேலே இழுத்து விடுங்கள். சுருதி இறங்கும். திரும்பச் சேருங்கள். இறங்காமல் நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். இனி வரும் ஒவ்வொரு அளவும் சரியான சுருதியில் இருக்கும்போது எடுத்தால்தான் கணக்கு.

நெக்கின் வளைவு

கம்பி அதிரும்போது நடுவில்தான் அதிகம் ஆடும். அதற்கு இடம் கொடுக்க நெக்கும் துளி குழிந்திருக்க வேண்டும். ரொம்பக் குழிந்தால் நடுவில் கம்பி உயர்ந்துவிடும். நேராகவோ பின்னால் வளைந்தோ இருந்தால் கீழ் ஃப்ரெட்டுகளில் தட்டும். இந்தக் குழிவை வைத்துக்கொள்ளத்தான் நெக்குக்குள் டிரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு ஓடுகிறது. கிப்ஸன் கிட்டார் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ 1923-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார், எலெக்ட்ரிக் கிட்டார் பிறப்பதற்கு முன்பே. 1950-ல் வந்த ஃபெண்டரின் முதல் எஸ்கொயர் கிட்டார்களில் இந்தத் தண்டு இல்லை. கெட்டியான மேப்பிள் நெக்குக்கு அது தேவைப்படாது என்று நினைத்தார்கள். மரம் வளைந்தது. சீக்கிரமே தண்டைச் சேர்த்தார்கள்.

அளப்பது இப்படி. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். ஆறாம் கம்பியை, நெக் உடலோடு சேரும் ஃப்ரெட்டில் ஒரு கையால் அமுக்குங்கள். இப்போது அந்தக் கம்பியே நேர்கோடு காட்டும் அளவுகோல். ஏழாம் அல்லது எட்டாம் ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜின் தகட்டை நுழைத்துப் பாருங்கள். 0.25 மி.மீ. தகடு கம்பியை அசைக்காமல், லேசாக உரசி உள்ளே போனால் நெக் நன்றாக இருக்கிறது. 0.2 வரை இறக்கலாம். ஓங்கி அடித்து வாசிப்பவருக்கு 0.3 தேவைப்படும். கேஜ் இல்லையென்றால் ஒரு விரலால் அந்த இடத்தில் கம்பியைத் தட்டிப் பாருங்கள். மெல்லிய 'டிக்' கேட்டால் குழிவு இருக்கிறது. சத்தமே இல்லை, கம்பி ஏற்கெனவே ஃப்ரெட்டில் படுத்திருக்கிறது என்றால், குழிவு இல்லை. அந்தத் தம்பியின் கிட்டாரில் டிக் சத்தம் வரவே இல்லை.

டிரஸ் ராட் முனையிலுள்ள நட்டை நேருக்கு நேர் பார்த்தபடி கடிகாரச் சுற்றில் திருப்பினால் தண்டு இறுகும், நெக் பின்னால் போகும், குழிவு குறையும். எதிர்ச் சுற்றில் தளரும், குழிவு கூடும். இறுக்குவதாக இருந்தால் முதலில் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள், நட்டுக்குப் பாரம் குறையும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று. அதிகபட்சம் கால் சுற்று. திரும்பச் சுருதி சேர்த்து, அளந்து, போதவில்லை என்றால் இன்னொரு தடவை. மரம் உடனே முழுதாகப் பதில் சொல்லாது. இன்று சரியாக இருந்தது நாளை காலையில் துளி நகர்ந்திருக்கும். அதனால் நான் நெக்கைத் தொட்ட நாளில் முடிந்தவரை கிட்டாரைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். நட்டு அசையாமல் கெட்டியாக நின்றால் பலம் போடாதீர்கள். தண்டு எல்லையைத் தொட்டிருக்கலாம். முறிந்தால் நெக்கே போய்விடும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அனுபவமுள்ள கையிடம் கொடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டிரஸ் ராட் நெக்கின் வளைவுக்கு மட்டும்தான். கம்பி உயரமாக இருக்கிறது என்பதற்காக அதைத் திருப்பக்கூடாது. உயரத்துக்கு வேறு திருகு இருக்கிறது.

நட்: பார்க்கலாம், அவசரமாக அறுக்க வேண்டாம்

இது டிரஸ் ராட் நட் அல்ல, தலைப்பக்கத்து எலும்புத் துண்டு. ஒவ்வொரு கம்பியையும் மூன்றாம் ஃப்ரெட்டில் அமுக்கி, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மெல்லிய தாள் போகும் இடம் இருந்தால் போதும். இடமே இல்லாவிட்டால் வெறும் கம்பி வாசிக்கும்போது ஜிர்ரென்று அடிக்கும். இடம் அதிகமென்றால் முதல் ஃப்ரெட்டுகளில் கார்ட் (பல கம்பிகளைச் சேர்த்து அமுக்குவது) பிடிக்கும்போது விரல் வலிக்கும், சுருதியும் ஏறிக் கேட்கும்.

ஆரம்பத்தில் என் சொந்தக் கிட்டாரில் மூன்றாம் கம்பியின் பள்ளத்தை அரத்தால் தேய்த்தேன். இன்னும் துளி, இன்னும் துளி என்று போய், ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டது. அன்றைக்கு இரவு முழுக்க அந்த ஒரு கம்பி ஜிர் என்று அடித்துக்கொண்டே இருந்தது, புது நட் வாங்கிச் செதுக்கித்தான் தீர்ந்தது. எடுத்த எலும்பைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் அளந்து தெரிந்துகொள்ளுங்கள், அறுப்பதை முதல் செட்டப்பில் விட்டுவிடுங்கள். பென்சில் முனையைப் பள்ளங்களில் தேய்த்துக் கரித்தூளை மட்டும் இறக்குங்கள். சுருதிச் சாவியைத் திருப்பும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டுச் சுருதி குதித்தால், கம்பி நட்டில் மாட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். அந்தத் தொல்லைக்குக் கரித்தூள் நல்ல மருந்து.

கம்பியின் உயரம்

இப்போதுதான் பிரிட்ஜ். கேப்போவை எடுத்துவிட்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் உச்சியில் ஸ்கேலை நிறுத்தி, கம்பியின் அடிப்பக்கம்வரை அளந்து பாருங்கள். ஆறாம் கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.5 மி.மீ. என்று தொடங்குங்கள். நடுக் கம்பிகள் இரண்டுக்கும் இடையில் படிப்படியாக இறங்க வேண்டும். இதிலிருந்து இன்னும் இறக்குவதும் ஏற்றுவதும் உங்கள் கையைப் பொறுத்தது.

கிப்ஸன் வகைப் பிரிட்ஜில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு உருளை, அவ்வளவுதான். ஃபெண்டர் வகையில், கம்பி உட்காரும் குட்டித் துண்டான ஒவ்வொரு சேடிலுக்கும் இரண்டு சின்னத் திருகு, அதாவது பன்னிரண்டு முடிவு. ஃப்ரெட்போர்டு தட்டையாக இல்லை, குறுக்கே வில் போல வளைந்திருக்கிறது. சேடில்களின் வரிசையும் அதே வில்லைப் பின்பற்ற வேண்டும். பழைய ஃபெண்டர்களில் அந்த வில்லின் ஆரம் 7.25 அங்குலம், நல்ல வளைவு. கார்ட் பிடிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் உயரத்தை ரொம்ப இறக்கிவிட்டு முதல் கம்பியை மேல் ஃப்ரெட்டில் வளைத்தால், நடு மேட்டில் தட்டி ஒலி அப்படியே நின்றுவிடும். கிப்ஸன்களில் 12 அங்குலம், இன்னும் தட்டை, அந்தத் தொல்லை குறைவு. அதனால் உயரம் வைத்ததும் ஒவ்வொரு கம்பியையும் எல்லா ஃப்ரெட்டிலும் வாசித்து, மேலே வளைத்தும் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் கேட்காத லேசான உரசல் இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஒலி சீக்கிரம் சாகிறதா என்பதுதான் கேள்வி.

ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் டிரெமோலோ, அதாவது பிரிட்ஜைச் சாய்த்துச் சுருதியை ஆட்டும் கைப்பிடி, இருந்தால் ஒரு சொல். முதுகுப் பக்க மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகள் தெரியும். முன்னால் கம்பிகள் இழுக்க, பின்னால் அவை இழுக்க, நடுவில் பிரிட்ஜ் தராசு முள் மாதிரி நிற்கிறது. புதிதாகச் செய்பவர் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு நீளத் திருகையும் இறுக்கி, பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும்படி வையுங்கள். பிரிட்ஜ் மிதந்துகொண்டிருக்கும்வரை உயரமும் சுருதியும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கும். கம்பியை இரு முனையிலும் பூட்டும் ஃபிளாய்ட் ரோஸ் வகை இருந்தால் அதைத் தனியாகப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

சுருதிச் சுத்தம்

நான் மிகவும் விரும்பிச் செய்யும் பகுதி இது. ஃப்ரெட்டுகளின் இடம் ஒரு கணக்கு. நட்டிலிருந்து சேடில்வரை உள்ள கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் எங்கே என்று வரும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. ஃபெண்டரின் 648 மி.மீ. நீளத்துக்கு முதல் ஃப்ரெட் சுமார் 36.4 மி.மீ. தூரத்தில் விழும். இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 324-ல் வந்து நிற்கும். பாதி நீளம் என்றால் ஒரு ஸ்தாயி மேலே.

கணக்கு சுத்தம், ஆனால் கம்பி கணக்குக்கு அடங்காது. அமுக்கும்போது அது இழுபடுகிறது, இழுபட்டால் சுருதி ஏறுகிறது. தடித்த கம்பிக்கு விறைப்பும் சேரும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு கம்பிக்கும் சேடிலைத் துளி பின்னால் தள்ளிக் கம்பியை நீளமாக்குகிறோம். எவ்வளவு என்பது கம்பிக்குக் கம்பி மாறும். 1950-ன் முதல் ஃபெண்டர்களில் ஆறு கம்பிக்கு மூன்றே சேடில். இரண்டு கம்பி ஒன்றில் உட்கார்ந்து சமரசம் செய்துகொண்டன. கிப்ஸனில் டெட் மெக்கார்ட்டி செய்த ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜும் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் 1954-ல் வந்தன. இரண்டிலும் கம்பிக்கு ஒரு சேடில். அவற்றில் அந்தச் சமரசம் தேவைப்படவில்லை.

கிட்டாரை வாசிக்கும் நிலையில் மடியில் வையுங்கள், மேசையில் படுக்கவைத்து அல்ல. பன்னிரண்டாம் ஃப்ரெட் உலோகத்துக்கு நேர் மேலே கம்பியை விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மணி போன்ற ஒரு ஹார்மோனிக் வரும். ட்யூனரில் அதைச் சரியாகச் சேருங்கள். இப்போது அதே ஃப்ரெட்டில், நீங்கள் வழக்கமாக அமுக்கும் பலத்தில், அமுக்கி மீட்டுங்கள். முள் ஏறிக் காட்டினால் கம்பி குட்டை. சேடிலைப் பின்னால், நெக்கைவிட்டு விலக்கி நகர்த்துங்கள். இறங்கிக் காட்டினால் முன்னால் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் திரும்பச் சுருதி சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். கம்பியை லேசாகத் தளர்த்திவிட்டுச் சேடிலை நகர்த்தினால் திருகு கெடாது.

எல்லாம் முடிந்ததும் சேடில்களை மேலிருந்து பாருங்கள். முதல், இரண்டு, மூன்று என்று படிபோலப் பின்னால் போகும். நான்காவது திடீரென்று முன்னால் குதித்து, ஐந்து, ஆறு என்று மறுபடி பின்னால் போகும். முதல் மூன்று வெறும் எஃகு, நான்காவதிலிருந்து சுற்றுக் கம்பி, சுற்றுக்குள் இருக்கும் நடுக்கம்பி மெல்லியது என்பதால்தான் அந்தக் குதிப்பு. உங்கள் சேடில்கள் இப்படி இரண்டு படிக்கட்டாக நின்றால் வேலை சரியாகப் போகிறது. ஒரு கம்பி மட்டும் எங்கே நகர்த்தியும் அடங்கவில்லை என்றால் சேடிலைக் குறை சொல்லாதீர்கள், அந்தக் கம்பியையே மாற்றிப் பாருங்கள். அநேகமாகக் கம்பிதான் பழசாகியிருக்கும்.

பிக்கப் உயரம்

கம்பிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு சத்தம் என்று எல்லோரும் ஏற்றிவிடுகிறார்கள். ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பில் ஆறு காந்த உருளைகள் நேராகக் கம்பிக்குக் கீழே நிற்கின்றன. ரொம்பப் பக்கம் வந்தால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். ஆறாம் கம்பியின் மேல் ஃப்ரெட்டுகளில் ஒரே ஒலிக்குள் இரண்டு சுருதி ஒன்றோடொன்று மோதுவது போல அலை அலையாகக் கேட்கும். ஒரு நாள் முழுக்க சுருதிச் சுத்தத்தோடு போராடிவிட்டு, பிக்கப்பை 1 மி.மீ. இறக்கியதும் எல்லாம் சரியாகிப்போன கிட்டார் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு, சுருதி வேலையைத் தொடங்கும் முன்பே எல்லாப் பிக்கப்பையும் தாழ்த்திவிடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கிக்கொண்டு, காந்த உருளையின் உச்சியிலிருந்து கம்பியின் அடிவரை அளந்து பாருங்கள். சிங்கிள் காயிலுக்கு ஆறாம் கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., முதல் கம்பிப் பக்கம் 2 மி.மீ. நல்ல தொடக்கம். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கருக்கு இருபக்கமும் 1.6 மி.மீ. வைக்கலாம், அதன் இழுப்பு குறைவு. பிறகு ஸ்விட்சை மாற்றி மாற்றி வாசியுங்கள். பிரிட்ஜ் பக்கம் கம்பியின் ஆட்டம் குறைவு என்பதால் அங்கே உள்ள பிக்கப் கொஞ்சம் உயரமாக நிற்க வேண்டும். சத்தம் சமமாகும் இடத்தில் நிறுத்துங்கள். காதுதான் கடைசி ஸ்கேல்.

சிங்கிள் காயிலில் ஒரு 'ம்ம்ம்' ஓடிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள மின்கம்பியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் அந்தச் சுருள் ஏரியல் மாதிரி பிடிக்கிறது. கிப்ஸனில் இருந்த சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த தீர்வு, எனக்குத் தெரிந்த மிக அழகான எளிய கணக்குகளில் ஒன்று. இரண்டு சுருள்களைப் பக்கத்தில் வைத்தார், ஒன்றுக்கொன்று எதிராகச் சேர்த்தார், காந்த முனையையும் எதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து அடிபட்டுப்போகும். கம்பியின் ஒலியோ, இரண்டும் தலைகீழாக இருப்பதால், ஒன்றோடொன்று கூடிவிடும். ஹம்பக்கர் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. உங்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இரண்டாம், நான்காம் ஸ்விட்ச் நிலைகளில் இரைச்சல் அடங்கினால் அங்கே நடப்பதும் இதே கணக்குதான். நடுப் பிக்கப்பை எதிராகச் சுற்றியிருப்பார்கள்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, விட்டால் கூடுகிறது என்று பலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். அது இயல்பு, கம்பிகள் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. தொட்டால் கூடுகிறது என்றால்தான் உள்ளே ஒரு எர்த் ஒயர் விட்டுப்போயிருக்க வாய்ப்பு. வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, இருபது முறை முன்னும் பின்னும் சுற்றல், பெரும்பாலும் போதும். கிட்டாருக்குள் இருப்பது மிகச் சிறிய மின்சாரம், திறந்து பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயரை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வ் ஆம்ப்ளிஃபயரின் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

பேஸ், மாண்டலின், வயலின்

1951-ல் வந்த ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் கிட்டார் இதே சிந்தனையின் அடுத்த படி: 34 அங்குலக் கம்பி, நெக்கில் ஃப்ரெட், கட்டை உடல். வரிசை மாறாது. கம்பி தடித்தது, ஆட்டம் பெரியது, அதனால் நெக்குக் குழிவு 0.3 மி.மீ. பக்கமும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் உயரம் 2.5 மி.மீ. பக்கமும் வைத்துத் தொடங்குங்கள். சாலிட் பாடி மாண்டலினும் இதே மாதிரிதான், அளவு மட்டும் சிறியது. கம்பி நீளம் குறைவு என்பதால் சேடில் ஒரு இழை நகர்ந்தாலும் சுருதி கேட்கும். எலெக்ட்ரிக் வயலினில் ஃப்ரெட் கிடையாது, சுருதிச் சுத்தம் உங்கள் விரலின் பொறுப்பு. அங்கே பார்க்க வேண்டியது பிரிட்ஜ் நிமிர்ந்து நிற்கிறதா என்பதும், அதனடியில் இருந்து அதிர்வின் அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப் நான்கு கம்பியையும் சமமாக எடுக்கிறதா என்பதும்தான்.

எல்லாம் முடிந்ததும் அளவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தம்பியின் கிட்டார் பெட்டிக்குள் நான் வைத்த தாளில் இருப்பது இதுதான்: கம்பி 9. குழிவு 0.22. உயரம் 1.9, 1.5. பிக்கப் பிரிட்ஜ் பக்கம் 2.2, 1.9. டிரஸ் ராட் கால் சுற்று தளர்த்தியது. கீழே தேதி. ஒரு வாரம் கழித்து குழிவை மட்டும் மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று அழைத்தான். 0.25 காட்டுகிறதாம், எதையும் தொடவில்லையாம். தொடாதே என்றேன்.